"நெக்ஸ்ட்" பட்டனை அழுத்தியது யார்?

போன எபிசோடில் கவுன்சில்களின் ஐடி பற்றிக் கதைத்தபோது, ஊழியர் பயிற்சி ஒன்லைனுக்குப் போன கதையை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டேன். அதற்குப் பிறகு நீங்கள் அனுப்பிய குரல் செய்திகள் பலவும் அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றித்தான் இருந்தன. "எங்கட அம்மாவும் இப்பிடித்தான்..." என்று தொடங்கியவையும் சில. ஒலிப்பதிவில் நான் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2021 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. அம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டு வெளிக்கிடும் நேரம், தன் போனை என் முன்னால் நீட்டினார்.

"தம்பி, இந்த ட்ரெய்னிங்கை ஒருக்காச் செய்து தா. நாளையோட முடியுதாம். மனேஜர் மூண்டு தரம் மெசேஜ் போட்டிட்டா."

அம்மா அப்போது லண்டனில் ஒரு ஆரம்பப் பள்ளிச் சமையலறையில் வேலை செய்தார். சம்பளம் கவுன்சிலில் இருந்து வரும். பாடம், உணவு ஒவ்வாமை. 25 நிமிடம் எடுக்கும் என்று போட்டிருந்தது. எனக்கு 11 நிமிடம் எடுத்தது. அதில் 4 நிமிடம் பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்கவே போனது. மீதி 7 நிமிடமும் நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட். கடைசியில் 10 கேள்வி, 9 சரி. அம்மாவின் பெயரில் சான்றிதழ் பிடிஎஃப் வந்தது. அந்த நேரம் முழுக்க அம்மா குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை லப்டொப்பைத் திறந்து நான் பார்த்த வேலை என்ன என்று கேட்டால் சிரிப்பீர்கள். வேறொரு கவுன்சிலில், ஊழியர் பயிற்சியை முழுவதுமாக ஒன்லைனுக்கு மாற்றும் திட்டத்தில் நான் கொன்ட்ராக்டர். அன்றைய என் பணி, எத்தனை பேர் பாடங்களை முடித்திருக்கிறார்கள் என்று காட்டும் டாஷ்போர்ட்டைச் சரிபார்ப்பது.

கவுன்சில்கள் ஏன் இந்தப் பக்கம் போயின என்பது புரியாத கதை இல்லை. இங்கிலாந்தில் 300க்கும் மேற்பட்ட உள்ளூராட்சி சபைகள் இருக்கின்றன. லண்டனில் மட்டும் 32 பரோக்கள். நாங்கள் வெளியே இருந்து பார்த்தால் கவுன்சில் டாக்ஸும் குப்பைத் தொட்டியும்தான் தெரியும். உள்ளே போனால் ஒரே முதலாளியிடம் சமூக சேவையாளர், முதியோரை வீடு வீடாகப் போய்ப் பராமரிப்பவர், குப்பை லொறிக்காரர், நூலகர், கட்டட அனுமதி பார்ப்பவர், பள்ளிக்கூட வாசலில் வட்டப் பலகையோடு வீதியை மறிப்பவர் என்று எல்லோரும் இருப்பார்கள். இவர்கள் அனைவருக்கும் கட்டாயப் பயிற்சி உண்டு. தரவுப் பாதுகாப்பு, தீப் பாதுகாப்பு, பிள்ளைகளுக்கும் பலவீனமான பெரியவர்களுக்கும் ஆபத்து இருப்பதை அடையாளம் காண்பது என்பவை பொதுவானவை. அதற்கு மேல் அவரவர் வேலைக்கு உரியவை வேறு.

முன்பு இது ஒரு மண்டபத்தில் நடந்தது. பயிற்சியாளர் ஒருவர், 20 கதிரை, தேத்தண்ணி, சான்ட்விச், கையெழுத்துப் போட ஒரு தாள். 2010க்குப் பிறகு மத்திய அரசின் மானியம் வருடா வருடம் குறையத் தொடங்கியது. பிள்ளைகள் பாதுகாப்பையும் முதியோர் பராமரிப்பையும் சட்டப்படி செய்தே ஆகவேண்டும், அங்கே கைவைக்க ஏலாது. கைவைக்கக்கூடிய சின்னச் சின்னத் தலைப்புகளில் பயிற்சி ஒன்று. நிலைமை எவ்வளவு மோசமானது என்பதற்கு எங்கட ஆக்கள் நிறையப் பேர் இருக்கும் குறொய்டனே சாட்சி. 2020 நவம்பரில் அந்தக் கவுன்சில் செக்ஷன் 114 அறிவித்தல் கொடுத்தது, அதாவது வரவைத் தாண்டிச் செலவு போகிறது, புதுச் செலவு எதுவும் கூடாது என்று. 2023 செப்டம்பரில் பேர்மிங்ஹாமும் அதே நிலைக்கு வந்தது.

மண்டபப் பயிற்சியில் உண்மையான செலவு சான்ட்விச்சோ மண்டப வாடகையோ இல்லை. ஒருவர் பயிற்சியில் இருக்கும்போது அவருடைய வேலையை வேறு ஆள் செய்யவேண்டும். ஒபிஸில் இருப்பவர் அரை நாள் இல்லாவிட்டால் ஈமெயில்கள் காத்திருக்கும். படுக்கையில் இருக்கும் முதியவரைக் குளிக்க வார்க்கும் வேலை காத்திருக்காது. அந்த அரை நாளுக்கு இன்னொருவரைச் சம்பளம் கொடுத்துக் கூப்பிடவேண்டும். ஒன்லைனுக்கு மாற்றும் எந்த விளக்க அறிக்கையிலும் சேமிப்பு என்ற தலைப்பின் கீழ் முதல் வரியாக இருப்பது இதுதான். நான் பார்த்த அறிக்கைகளில் அந்த நேரம் எங்கே போகிறது என்று எழுதியிருக்கவில்லை. எங்கே போனது என்று எனக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமை இரவு எங்கள் வீட்டு மேசைக்கு வந்தது.

ஒன்லைன் பயிற்சியை நான் கெட்டது என்று சொல்லவில்லை. புதிதாகச் சேர்ந்தவர் அடுத்த வகுப்பு வரும் மட்டும் மாதக்கணக்கில் காத்திருந்த காலம் இருந்தது. இப்போது முதல் நாளே தொடங்கலாம். 2020 மார்ச்சில் எல்லோரும் வீட்டுக்குள் அடங்கியபோது மண்டப வகுப்பு ஒன்றுகூட நடந்திருக்காது. யார் எதை எப்போது படித்தார் என்பது முன்பு ஆளுக்கொரு எக்செல் கோப்பில் இருந்தது, அவர் வேலையை விட்டுப் போனால் கோப்பும் போய்விடும். தரவுப் பாதுகாப்பை வருடத்துக்கு ஒருமுறை மீட்டிப் பார்ப்பதற்கு மண்டபம் தேவையே இல்லை. (கொன்ட்ராக்டர்களுக்கு இதில் தனிச் சிலுவை உண்டு. ஒரு கவுன்சிலின் பதிவை அடுத்த கவுன்சில் ஏற்காது. போலி ஈமெயிலை அடையாளம் காணும் பாடத்தை நான் எத்தனை தரம் பாஸ் பண்ணினேன் என்ற கணக்கை விட்டுவிட்டேன். ஐஆர்35 புலம்பலை இங்கே தொடங்கவில்லை, பயப்படவேண்டாம்.)

இப்போது நம்முடைய பகுதிக்கு வருவோம். இந்தப் பாடங்கள் உள்ளே எப்படி வேலை செய்கின்றன?

பெரும்பாலானவை ஸ்கோர்ம் என்ற பொதி வடிவத்தில் வருகின்றன. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தொடங்கிய ஒரு முயற்சியில் பிறந்த தரநிலை இது. இன்றும் அதிகம் புழங்கும் 1.2 பதிப்பு 2001இல் வெளியானது. ஒரு ஸிப் கோப்பு, அதற்குள் எச்டிஎம்எல் பக்கங்கள், படங்கள், ஒரு மனிஃபெஸ்ட் கோப்பு, அவ்வளவுதான். பாடம் பிரவுசரில் திறந்ததும் அதன் ஜாவாஸ்கிரிப்ட், மேலே உள்ள ஜன்னல்களில் 'ஏபிஐ' என்ற பெயரில் ஒரு ஒப்ஜெக்ட் இருக்கிறதா என்று தேடும். கண்டுபிடித்தால் அதன் வழியாகப் பயிற்சித் தளத்தோடு கதைக்கும். பயிற்சித் தளம் மூடிலாக இருக்கலாம் (மார்ட்டின் டூகியாமஸ் என்பவர் அவுஸ்திரேலியாவின் பேர்த்தில் இருந்து தொடங்கி, 2002இல் முதல் பதிப்பை வெளியிட்ட இலவச மென்பொருள்), காசு கொடுத்து வாங்கியதாகவும் இருக்கலாம்.

பாடம் தளத்துக்குச் சொல்லும் செய்திகளில் முக்கியமானது நிலை. 1.2 பதிப்பில் ஆறு சொற்களுக்குத்தான் அனுமதி: பாஸ், கம்ப்ளீட்டட், ஃபெயில், இன்கம்ப்ளீட், பிரவுஸ்ட், நொட் அட்டெம்ப்டட். இதோடு ஒரு புள்ளி, செலவான நேரம், எந்த ஸ்லைடில் விட்டார் என்ற குறிப்பு. ஒருவர் பயிற்சி பெற்றார் என்பதற்குத் தளத்தில் இருக்கும் ஆதாரம் முழுக்க இதற்குள் அடங்கிவிடும். அதுவும் ஆளின் பக்கத்து பிரவுசர் சொல்வதைத் தளம் அப்படியே நம்புகிறது. கொன்சோலைத் திறக்கத் தெரிந்தவருக்கு ஒரு ஸ்லைடும் பார்க்காமல் பாஸ் எடுக்கலாம் என்பது இந்தத் துறையில் ஊரறிந்த ரகசியம். கொன்சோல் தெரியாதவருக்கு மகன் இருக்கிறான்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் சனத்தை அழவைப்பது. எந்த இடத்தில் விட்டார் என்ற குறிப்புக்கு 1.2 பதிப்பு ஒதுக்கிய இடம் 4,096 எழுத்துகள். நீளமான பாடங்களில் இது நிரம்பிவிடும். நிரம்பினால் குறிப்பு சேமிக்கப்படாது, அடுத்த முறை முதல் ஸ்லைடில் இருந்து தொடங்கவேண்டும். போனில் பாடத்தைத் திறந்து, இடையில் அழைப்பு வந்து பிரவுசர் மூடப்பட்டால், "முடித்துவிட்டேன்" என்று தளத்துக்குச் சொல்லும் கடைசிச் செய்தி சில நேரம் போகவே போகாது. ஒபிஸில் பெரிய திரையின் முன் ஒரே இருப்பில் படிப்பவருக்கு இந்த இரண்டும் வராது. பஸ்ஸில் பாதி, வீட்டில் மீதி என்று படிக்கும் பராமரிப்பு ஊழியருக்குத்தான் வரும். ஹெல்ப்டெஸ்குக்கு வரும் "நான் செய்தேன், ஆனால் செய்யவில்லை என்று காட்டுது" என்ற முறைப்பாடுகளைப் பொய் என்று நினைக்கும் மனேஜர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அவை உண்மை.

திரும்ப அம்மாவிடம் வருகிறேன்.

அந்தப் பாடம் அந்த நேரத்தில் வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. 2016இல் நத்தாஷா எட்னன்-லப்பரூஸ் என்ற 15 வயதுப் பெண், ஹீத்ரோ விமான நிலையத்தில் வாங்கிய பகெட் ஒன்றைச் சாப்பிட்டு, ஒவ்வாமையால் இறந்தார். மாவுக்குள் எள் இருந்தது, பொதியில் அது எழுதப்பட்டிருக்கவில்லை. அதற்குப் பிறகு பெற்றோர் நடத்திய போராட்டத்தின் பலனாக வந்த விதி 2021 ஒக்டோபர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதே இடத்தில் செய்து முன்கூட்டியே பொதி சுற்றி வைக்கும் உணவில் பெயரும், எல்லாச் சேர்மானங்களும் இருக்கவேண்டும், ஒவ்வாமை தரும் 14 பொருள்களில் எது இருந்தாலும் அது கண்ணில் படும்படி அழுத்திக் காட்டப்படவேண்டும். பள்ளிக்கூடச் சமையலறையில் காலையில் சுற்றி வைத்து, மத்தியானம் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளும் சான்ட்விச்சும் இதற்குள் வரும்.

ஒக்டோபரில் ஒரு நாள், வேலை நேரத்தில் அம்மாவின் அழைப்பு.

"தம்பி, இந்த லேபிள்ல எந்தச் சொல்லைத் தடிப்பாப் போடோணும்? நீ செய்த ட்ரெய்னிங்கில இருந்ததாம் எண்டு மனேஜர் சொல்லுறா."

"நீ செய்த" என்றார். மனேஜருக்கு அது தெரியாது என்று நம்புகிறேன்.

எனக்கு ஞாபகம் இல்லை. அந்த ஸ்லைடைப் பார்த்தவன் நான் ஒருவன்தான், எனக்கும் ஞாபகம் இல்லை. கூகிளில் தேடிச் சொன்னேன். அன்று யாருக்கும் எதுவும் நடக்கவில்லை. அம்மா கெட்டிக்காரி, தெரியாததைக் கேட்டார். கேட்காமல் விட்டிருந்தாலும் அவருடைய பதிவில் பாஸ் என்றுதான் இருந்திருக்கும்.

அன்று பின்னேரம் வேறு ஒன்றும் சொன்னார். அதே 14 பொருள்களைப் பற்றி அதற்குச் சில வருடங்களுக்கு முன், பள்ளி லீவு நாளில் ஒரு மண்டபத்தில் வகுப்பு நடந்ததாம். பயிற்சியாளர் மேசையில் போத்தல்களை அடுக்கி வைத்தாராம். சோயா சோஸ், கடுகுத் தூள், செலரி உப்பு, தஹினி. மூடியைத் திறந்து மணக்கச் சொன்னாராம். "தஹினி எண்டா எள்ளு எண்டு எனக்கு அண்டைக்குத்தான் விளங்கினது" என்றார் அம்மா. அதற்கு முன் பல வருடமாக ஹமஸ் கிண்ணங்களை நிரப்பியிருக்கிறார். செசமி என்ற சொல் தெரியும், எள்ளும் தெரியும், அந்தப் போத்தலில் இருப்பது அதுதான் என்று மணந்தபோதுதான் தெரிந்தது. றாலும் நண்டும் ஒரு வகை, கணவாயும் மட்டியும் வேறு வகை என்று பட்டியலில் ஏன் பிரித்திருக்கிறார்கள் என்றும் அன்றுதான் கேட்டாராம். ஸ்லைடிடம் அதைக் கேட்க முடியாது.

அந்த அழைப்பு என் வேலையில் ஒரு கேள்வியைக் கொண்டுவந்து போட்டது. என் டாஷ்போர்ட்டில் அம்மாவைப் போன்றவர்கள் எங்கே?

வடிகட்டியில் பள்ளி உணவுப் பிரிவைத் தேர்ந்தேன். பூச்சியம். குப்பை சேகரிப்பைத் தேர்ந்தேன். மேற்பார்வையாளர்கள் சிலர் மட்டும் வந்தார்கள். ஆனால் அதே திரையின் மேல், முழுக் கவுன்சிலின் பயிற்சி நிறைவு வீதம் என்று பெரிய பச்சை எண் ஒன்று நின்றது.

காரணம் எளிமையானது, கண்டுபிடித்தபோது வெட்கமாகவும் இருந்தது. புதிய தளத்துக்கு ஆள்களை நாங்கள் ஏற்றியது அக்டிவ் டைரக்டரியில் இருந்து. ஒபிஸ் கணக்கு இருப்பவர்கள் மட்டும்தான் அங்கே இருப்பார்கள். ஒவ்வொரு மைக்ரோசொஃப்ட் 365 உரிமத்துக்கும் மாதாந்தம் காசு போகும் என்பதால், மேசையில் இருந்து வேலை செய்யாதவர்களுக்குக் கணக்கே திறக்கப்படவில்லை. கணக்கு இல்லை என்றால் ஈமெயில் இல்லை, ஈமெயில் இல்லை என்றால் எங்கள் தளத்தில் அந்த ஆள் இல்லை. இல்லாத ஆள் பாடத்தை முடிக்காதவராகவும் இருக்கமாட்டார்.

கணக்கு விளங்குவதற்காக உருண்டையான எண்களில் சொல்கிறேன், இவை அந்தக் கவுன்சிலின் எண்கள் இல்லை. சம்பளப் பட்டியலில் 4,000 பேர். கணக்கு இருப்பவர்கள் 2,800. முடித்தவர்கள் 2,600. டாஷ்போர்ட் 2,600ஐ 2,800ஆல் வகுத்து 93 வீதம் என்று பச்சையில் காட்டும். 4,000ஆல் வகுத்தால் 65. கோடில் பிழை இல்லை, எல்லா டெஸ்ட்டும் பாஸ். கீழே போட்ட எண்தான் பிழை.

சம்பளப் பிரிவிடம் இருந்து ஊழியர் இலக்கங்களை மட்டும் வாங்குவதற்கு மூன்று வாரம் எடுத்தது. தரவுப் பாதுகாப்புப் படிவம் நிரப்பவேண்டும், நியாயம்தான். சம்பளப் பட்டியலை இடப்பக்கம் வைத்து, பயிற்சித் தளத்தை வலப்பக்கம் வைத்து, ஒரு லெஃப்ட் ஜாயின். முழுத் திட்டத்திலும் நான் எழுதிய மிகப் பிரயோசனமான கோட் அந்த ஆறு வரி. வலப்பக்கம் வெறுமையாக வந்தவர்களைப் பிரிவு வாரியாக எண்ணினேன். பராமரிப்பு ஊழியர், துப்புரவுத் தொழிலாளர், சமையலறை, குப்பை லொறி, வீதிக் கடவைக்காரர். கத்தி, சூடு, இரசாயனம், பாரவண்டி, பலவீனமான மனிதர்கள், இவற்றோடு நாள் முழுக்க இருப்பவர்கள்தான் அந்தப் பட்டியல்.

கூட்டத்தில் அந்தத் தாளைக் காட்டினேன். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் பச்சை எண் ஏற்கெனவே கவுன்சிலர்களுக்கான அறிக்கையில் போய்விட்டது. "இவர்களுக்கு அவரவர் பிரிவில் வேறு பயிற்சி நடக்கும்" என்று ஒருவர் சொன்னார். எங்கே பதிவு என்று கேட்டதற்கு, இன்னொருவரைப் பார்த்தார். எண் கீழே இறங்கினால் எங்கள் திட்டம் தோற்றதுபோல் தெரியும் என்ற பயம் அறையில் இருந்தது. எனக்கும் இருந்தது, கொன்ட்ராக்ட் நீடிப்பு அந்த மாதம்தான் முடிவாகவேண்டும்.

கடைசியில் அவர்களையும் ஏற்றினோம். ஈமெயிலுக்குப் பதிலாகச் சம்பளத் தாளில் இருக்கும் ஊழியர் இலக்கத்தை லொகினாக வைத்தோம். அடுத்த தலையிடி பாஸ்வேர்ட். மறந்தால் மீட்கும் இணைப்பை எங்கே அனுப்புவது? சொந்த ஈமெயிலைக் கேட்டால் பலருக்கு விருப்பம் இல்லை. வேலை விஷயத்துக்கு என் சொந்த போனுக்கு ஏன் கோட் அனுப்புகிறாய் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஹெல்ப்டெஸ்க் 9 மணியில் இருந்து 5 மணி வரை. பராமரிப்பு ஊழியர் பாடத்தைத் திறப்பது இரவு 10 மணிக்கு. மேற்பார்வையாளரே பாஸ்வேர்டை மாற்றிக் கொடுக்கலாம் என்று ஒரு அனுமதி செய்து கொடுத்தோம். பாதுகாப்புப் பிரிவு முகம் சுளித்தது, பிறகு விட்டுவிட்டது.

குப்பை லொறி டிப்போவுக்கு ஒரு டப்லெட்டைக் கொண்டுபோய்ச் சுவரில் பூட்டிய நாள் மறக்காது. நாங்கள் மூன்று பேர், காலை 5:45, நவம்பர்க் குளிர். லொறிகள் எஞ்சினை ஓடவிட்டு நின்றன. ஆள்கள் கையுறையோடு வந்தார்கள், டப்லெட்டைப் பார்த்தார்கள், தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு லொறியில் ஏறினார்கள். 6 மணிக்கு முற்றத்தில் ஒருவரும் இல்லை. மேற்பார்வையாளர் எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, வேலை முடிந்து திரும்பினால் எல்லோரும் வீட்டுக்குப் போகத்தான் நிற்பார்கள், இதை எந்த நேரத்தில் செய்வது என்று கேட்டார். அது எங்கள் திட்ட ஆவணத்தில் எங்கேயும் கேட்கப்படாத கேள்வி.

சட்டம் அதற்குப் பதில் வைத்திருக்கிறது. முதலாளி கட்டாயமாக்கும் பயிற்சிக்குப் போகும் நேரம் வேலை நேரம் என்பதுதான் பிரித்தானியக் குறைந்தபட்சச் சம்பள விதிகளின் நிலைப்பாடு. அதனால் ஒன்லைன் என்பதாலேயே அது இலவச நேரம் ஆகிவிடாது. ஆனால் ஒருவர் எந்த நேரத்தில் பாடத்தைத் திறந்தார் என்பது எங்கள் டேட்டாபேஸில் இருந்தது, அதைச் சம்பளப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி எங்களை யாரும் கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை 25 நிமிடத்துக்குக் காசு கேட்கலாம் என்று நான் சொன்னபோது, பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

டிப்போவில் கடைசியில் வேலை செய்தது பழைய முறைதான். டூல்பொக்ஸ் டோக் என்பார்கள். வாரத்தில் ஒரு நாள், லொறி கிளம்ப முதல் பத்து நிமிடம், மேற்பார்வையாளர் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்வார். நான் போய் நின்ற நாள், லொறி பின்னால் வரும்போது யார் எங்கே நிற்பது என்பது. இது சின்ன விஷயம் இல்லை. இங்குள்ள எச்எஸ்இயின் புள்ளிவிவரங்களில் கழிவுத் துறை மரண வீதம் கூடிய துறைகளில் ஒன்று, நகரும் வாகனம் மோதுவது அதில் முக்கிய காரணம். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் குறுக்கிட்டு, குறிப்பிட்ட ஒரு சந்தில் கார்கள் நிற்பதால் அப்படி நிற்க ஏலாது என்றார். ஐந்து நிமிட வாக்குவாதத்துக்குப் பிறகு அந்தச் சந்துக்கு வேறு ஒழுங்கு முடிவானது. நாங்கள் வாங்கிய 40 நிமிட மொட்யூலில் அந்தச் சந்து இல்லை.

அதைத் தளத்தில் மண்டப வகுப்பாகப் பதிந்தோம். கையெழுத்துத் தாளை மேற்பார்வையாளர் போனில் படம் எடுத்துப் போட்டால் போதும், எல்லோருக்கும் பதிவு விழும். மூடில் வகைத் தளங்களில் நேரடி வகுப்பைப் பதியும் வசதியைச் சேர்த்துக்கொள்ளலாம். செல்ஃப் சேர்விஸ் திட்டம் என்று பெயர் வைத்ததால் அதுவரை ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை.

எல்லா இடத்திலும் இப்படி முடியவில்லை. சமையலறைகளுக்குப் பழைய பயிற்சியாளரைத் திரும்பக் கூப்பிடலாம் என்று எழுதிக் கொடுத்தேன். அந்தக் கவுன்சிலில் அந்தப் பதவியே முந்தைய வருடம் நீக்கப்பட்டிருந்தது. தன் மண்டப வகுப்பை ஸ்லைடுகளாக மாற்றிக் கொடுத்தது அவர்தானாம், அந்த வேலை முடிந்த கையோடு பதவியும் முடிந்தது. நாங்கள் ஏற்றிய பாடங்களில் அவருடைய எழுத்து எது என்று பார்த்தாலே தெரியும். மற்றவற்றைவிடக் கேள்விகள் நன்றாக இருக்கும்.

2022 வசந்தத்தில் என் கொன்ட்ராக்ட் முடிந்தது. பச்சை எண் மஞ்சளாகி, போகும்போது திரும்பப் பச்சைக்குக் கிட்ட வந்திருந்தது, இந்த முறை சம்பளப் பட்டியலால் வகுத்து. டாஷ்போர்ட்டின் கீழே "கணக்கு இல்லாதவர்கள்" என்று சாம்பல் நிறத்தில் ஒரு நெடுவரிசை போட்டிருந்தேன். அது பூச்சியமாகும் மட்டும் எடுக்கவேண்டாம் என்று கைமாற்றுக் குறிப்பில் எழுதினேன். இப்போது இருக்கிறதோ தெரியாது.

அம்மா போன வருடம் ஓய்வு பெற்றார். எங்கள் எபிசோடுகளைச் சமைக்கும்போது போட்டுக் கேட்பார், பாதி விளங்காது என்பார். போன எபிசோட் வந்த அன்று போன் எடுத்தார்.

"அப்ப நான் உன்னைக் கொண்டு செய்விச்சதையும் சொன்னனியோ?"

"இல்லை அம்மா, சொல்லேல்ல. எழுதலாம் எண்டு நினைக்கிறன். எழுதட்டோ?"

கொஞ்ச நேரம் யோசித்தார்.

"எழுது. ஆனா லேபிளுக்கு நான் திரும்பக் கேட்டுத்தான் செய்தனான் எண்டதையும் சேர்த்து எழுது."